ஐந்தாம் நாள் பிரிக்கிற பார்சல்

(நமது சங்கத்தின் ஜூலை மாதக் கூடுகையில், கம்யூனிட்டி ஹாலில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதால், செய்முறை அளவுகளுடன் இங்கே தருகிறோம்.)



செயலாளர் சார் போன வாரம் லிஃப்டில் பார்த்து, "மேடம், நீங்க ஹாஸ்டலுக்கு அனுப்பற சாக்லேட் குக்கியைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்களேன்" என்றார். நான் பேக்கரி படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவள். எதைச் செய்தாலும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் உண்டு. இன்று நான் சொல்லப்போவது அந்த நோட்டில் இருப்பதுதான். அதில் பாதி, நான் செய்த தப்புகள்.

இந்த வருஷம் நம் வளாகத்திலிருந்து நிறையப் பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என் பெண் வடக்கே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். இங்கிருந்து பார்சல் போய்ச் சேர நான்கு நாள், சில சமயம் ஐந்து நாள். முதல் மாதமே ஒரு டப்பா அனுப்பினேன். "சூப்பர்மா" என்று பதில் வந்தது. அடுத்த மாதமும் அனுப்பினேன், அதே "சூப்பர்மா". பொங்கலுக்குள் ஆறு பார்சல் போய்விட்டது. ஆறுக்கும் அதே பதில்.

பொங்கல் லீவுக்கு வந்தபோது அவள் போனில் ஒரு படம் பார்த்தேன். நான்கு பெண்கள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் என் டப்பா, ஆளுக்கொரு ஸ்பூன். டப்பாவுக்குள் கறுப்பு மண் மாதிரி ஏதோ இருக்கிறது. "என்னடி இது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "உன் குக்கிதாம்மா. ஒவ்வொரு தடவையும் தூளாத்தான் வரும். பால்ல போட்டுச் சாப்பிடுவோம்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அனுப்பறதையே நிறுத்திடுவியோன்னு பயம்" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குக்கி உடைந்ததற்காக இல்லை. என் மனசு நோகக் கூடாது என்று அந்தப் பெண் ஆறு மாதம் பொய் சொல்லியிருக்கிறாளே என்றுதான். மறுநாள் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: 'அடுப்பிலிருந்து இறக்கும்போது எப்படி இருக்கிறது என்பது கணக்கில்லை. ஐந்தாம் நாள் பிரிக்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.' இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வரிதான்.

நான் அதுவரை செய்தது மொறுமொறுப்பான குக்கி. வீட்டில் டீயோடு சாப்பிட அருமையாக இருக்கும். ஆனால் மொறுமொறு என்றாலே உள்ளே ஈரம் இல்லை, வளைந்து கொடுக்காது, தட்டினால் உடையும் என்று அர்த்தம். பார்சல் வண்டியில் ஏறி இறங்கும் பண்டத்துக்கு அந்தக் குணம் ஆகாது. ஓரத்தில் லேசான மொறுமொறுப்பும், நடுவில் மெல்லும்போது இழுத்துக்கொடுக்கும் பதமும் வேண்டும்.

இது நமக்குப் புதிதா என்ன? அதிரசத்தை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்குச் சுட்ட அதிரசம் ஒரு வாரம் கழித்தும் மெத்தென்றிருக்கும். அடுக்கி எடுத்துப் போனாலும் உடையாது. காரணம் வெல்லப்பாகு. வெல்லம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய விடாது. குக்கியில் அதே வேலையைச் செய்வது பிரவுன் சுகர். அதில் கரும்புச் சாற்றின் கசண்டு, அதாவது மொலாசஸ் கலந்திருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை மட்டும் போட்டால் குக்கி பரந்து, மெலிந்து, மொறுமொறுவென்று ஆகும். பிரவுன் சுகரை அதிகமாகப் போட்டால் ஈரம் நிற்கும்.

கடையில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பிரவுன் சுகர் என்ற பெயரில் பழுப்பு நிறக் கற்கண்டுத் துகள் மாதிரி உதிரியாக ஒன்று விற்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. கையில் எடுத்து அழுத்தினால் ஈர மணல் மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துப் போடலாம். வெல்ல வாசம் கொஞ்சம் வரும். என் பெண்ணுக்கு அதுதான் பிடிக்கிறது.

இனி அளவுகள், எழுதிக்கொள்ளுங்கள். மைதா 150 கிராம். இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடர் 40 கிராம். சமையல் சோடா அரை டீஸ்பூன். வெண்ணெய் 115 கிராம். பிரவுன் சுகர் 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம். முட்டை ஒன்று. வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். பொடியாக நறுக்கிய சாக்லேட் 100 கிராம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன் உப்புச் சேருங்கள். உப்பு வெண்ணெய் என்றால் தனியாக வேண்டாம். தயவுசெய்து கப் கணக்கு வேண்டாம், தராசு வையுங்கள். மைதாவைக் கப்பில் அமுக்கி அள்ளினால் 30 கிராம் கூடிவிடும். அங்கேயே குக்கி காய்ந்துபோகும்.

வெண்ணெயை நுரைக்க அடிக்க வேண்டாம். அடித்தால் காற்று ஏறி, கேக் மாதிரி பொதபொத என்று வரும். உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு சர்க்கரையும் சேர்த்துக் கலக்குங்கள். பிறகு முட்டை, வெனிலா. மைதா, கோகோ, சோடா மூன்றையும் சேர்த்துச் சலித்து அதில் கொட்டி, மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற வரை மட்டும் கிளறுங்கள். கடைசியில் சாக்லேட் துண்டுகள். மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. வைக்காவிட்டால் ட்ரேயில் தோசை மாதிரி ஓடிவிடும்.

35 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 18 வரும். பெரிதாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். அகலமான குக்கிதான் முதலில் உடையும். சின்னதாக, தடிமனாக இருக்கட்டும். சாக்லேட் துண்டுகளை அலங்காரத்துக்கு மேலே பதிக்காமல் உள்ளே அமுக்கிவிடுங்கள். வெளியே இருந்தால் வழியில் உருகி, பக்கத்துக் குக்கியோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓடிஜியை 175 டிகிரியில் 15 நிமிஷம் சூடேற்றிவிட்டு, 10 நிமிஷம் பேக் செய்யுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறோம். வெள்ளைக் குக்கி என்றால் நிறம் பார்த்து இறக்கலாம். இது ஏற்கனவே கறுப்பு. அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் விரலுக்குக் கெட்டியாக, நடு இன்னும் மெதுவாக, மேலே ஈரப் பளபளப்பு போயிருந்தால் இறக்கிவிடுங்கள். 'வேகவில்லையோ' என்று மனசு அடித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் பழையபடி பால், ஸ்பூன்தான். ட்ரேயின் சூட்டிலேயே மீதி வெந்துகொள்ளும். 10 நிமிஷம் ட்ரேயில் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு இரண்டு மணி நேரம் தொடாதீர்கள். கொரியருக்கு நேரமாகிறது என்று நான் ஒரு தடவை வெதுவெதுப்பாகவே டப்பாவில் அடைத்தேன். உள்ளே ஆவி வேர்த்து, ஐந்தாம் நாள் பூஞ்சை பிடித்திருந்தது. மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போனது.

அடுத்து நான் செய்த பெரிய தப்பு. இடம் வீணாகக் கூடாதே என்று ஒரே டப்பாவில் பாதி முறுக்கு, பாதி குக்கி. நம் எல்லாருக்கும் அந்தச் சிக்கனப் புத்தி உண்டு. குக்கியின் ஈரத்தை முறுக்கு இழுத்துக்கொண்டது. முறுக்கு நமத்துப்போனது, குக்கி காய்ந்துபோனது. இரண்டு பண்டமும் கெட்டன. மொறுமொறு தனி டப்பா, மெத்தென்றிருப்பது தனி டப்பா. ஊறுகாய், பூண்டுப் பொடி வைத்தால் அது வேறு பார்சலில் போகட்டும். வெண்ணெய்ப் பண்டம் வாசனையை உடனே பிடித்துக்கொள்ளும்.

பேக்கிங்குக்கு வருகிறேன். இரண்டு குக்கிகளை அடிப்பக்கமும் அடிப்பக்கமும் சேர்த்து வைத்து, பிளாஸ்டிக் ராப்பில் இறுகச் சுற்றுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சில்லறைக் காசை அடுக்குகிற மாதிரி நெருக்கி அடுக்குங்கள். காலி இடத்தில் கசக்கிய பட்டர் பேப்பர். டப்பாவை அட்டைப் பெட்டியில் வைத்து, நான்கு பக்கமும் மேலும் கீழும் கசக்கிய செய்தித்தாள். ஒட்டுவதற்கு முன் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சின்னச் சத்தம் கேட்டாலும் திரும்பப் பிரித்து அடையுங்கள். திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும்.

இந்த முறை சரியா என்று எப்படிப் பார்த்தேன்? ஒரு டப்பாவைப் பார்சலாகக் கட்டி, எங்கள் வீட்டு ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஐந்து நாள் ஆபீஸ், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் என்று அதோடு சுற்றினார். அது மே மாதம். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். டிக்கிக்குள் அதைவிடச் சூடு. பிரித்தபோது குக்கி முழுசாக இருந்தது. ஆனால் சாக்லேட் உருகி மறுபடி உறைந்து, வெளிறின திட்டுகள் தெரிந்தன. அது பூஞ்சை இல்லை, சாக்லேட்டின் கொழுப்பு மேலே வந்து உறைந்தது. தட்டையாக, மங்கலாக இருக்கும். சாப்பிடலாம். பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அதுதான் பூஞ்சை. சந்தேகம் என்றால் தூக்கிப் போடுங்கள். ஏப்ரல், மே, ஜூனில் நான் சாக்லேட் துண்டு போடுவதே இல்லை. கோகோ பவுடர் உருகாது, அதுவே போதும். துண்டுக்குப் பதில் உலர் திராட்சை போடுகிறேன்.

இப்படிக் குக்கி அனுப்புவதை நாம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சாக்லேட் துண்டு போட்ட குக்கியே 1930களின் கடைசியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் செய்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து அது பார்சலில் போனது. பக்கத்தில் இருந்தவனும் தின்று பார்த்துத் தன் வீட்டுக்கு எழுதிக் கேட்டான். நாடு முழுக்கப் பரவியது அப்படித்தான். ஹாஸ்டலிலும் அதே கதைதான். நீங்கள் அனுப்புவது உங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை, அந்த அறைக்கே. அதனால் டப்பா மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: செய்த தேதி, முட்டை உண்டா, பருப்பு வகை உண்டா. முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை அந்த அறையில் இருக்கலாம். முட்டை தொடாத பிள்ளையும் இருக்கலாம்.

கூடுகையில் வந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

பி பிளாக் மாமி முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் மாமி. முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் 3 டேபிள்ஸ்பூன், வெள்ளைச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தயிரும் போடலாம், ஆனால் கேக் பதம் வரும்.

டப்பாவில் ஒரு பிரெட் துண்டு வைத்தால் மெத்தென்று இருக்குமாமே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், பிரெட்டின் ஈரம் குக்கிக்குப் போகும். வீட்டு டப்பாவில் ஒரு நாள் வைத்து எடுத்துவிடலாம். பார்சலில் வேண்டாம், ஐந்து நாள் சூட்டில் பிரெட்டுக்குத்தான் முதலில் பூஞ்சை வரும்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்பது மூன்றாவது கேள்வி. இந்தக் குக்கி ஒரு வாரம் நன்றாக இருக்கும். பத்து நாளுக்கு மேல் ஆகிற பார்சலுக்கு நான் இதைச் செய்வதில்லை. அந்த நாட்டு உணவு விதிகளையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. செய்முறையைவிட இது முக்கியம். பிள்ளைகளிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். "பிரிச்சதும் ஒரு போட்டோ அனுப்பு, உடைஞ்சிருந்தா அடுத்த தடவை சரி பண்றேன், நிறுத்த மாட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த 'நிறுத்த மாட்டேன்' அவர்களுக்குக் கேட்க வேண்டும். பொங்கல் முடிந்து அவள் திரும்பிப் போனபோது நான் அதைச் சொல்லித்தான் அனுப்பினேன். புது முறையில் போன முதல் டப்பாவுக்கு வந்த பதில் என் நோட்டில் ஒட்டியிருக்கிறது: "12ல ஒண்ணு உடைஞ்சிருக்கும்மா. மேல் வரிசை, வலது ஓரம். மத்ததெல்லாம் முழுசு. கூட வந்த முறுக்குல உப்பு ஜாஸ்தி." அதற்கப்புறம் ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை, ஒரு பேப்பரில் மார்க் குறைந்துவிட்டது என்பதையும் அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

ஓடிஜி இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒரு தடவைக்கு 9 குக்கி வேகும். வெண்ணெய் மட்டும் அவரவர் கொண்டு வந்துவிடுங்கள், இப்போது விற்கிற விலையில் அதை நான் தாங்க மாட்டேன்.

வாசலில் தட்டு வைத்திருக்கிறேன். அது இன்று செய்தது இல்லை, செவ்வாய்க்கிழமை செய்தது. சாப்பிட்டுப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.