வானொளியும் மண்ணும்

வெயில் மிகுந்த இடமெல்லாம் சூரிய மின்சாரத்திற்கு ஏற்ற இடம் என்று எண்ணுவது இயல்பு. ராஜஸ்தானத்தின் தார்ப் பாலைவனத்தில், பட்லாவில், 2,245 மெகாவாட் திறனுள்ள மின் நிலையத் தொகுதி அமைந்திருக்கிறது. அங்கே மேகம் அரிது. ஆனால், சிலிக்கன் தகட்டிற்கு வேண்டுவது ஒளியேயன்றி வெப்பம் அன்று. தகட்டின் சூடு 25 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகிறது. படியும் புழுதியையும் அடிக்கடி அகற்றியாக வேண்டும்.

லடாக்கிலோ குளிர்ந்த காற்றும் தெளிந்த வானமும் உண்டு. ஆயினும், மின்சாரத்தை மலை கடந்து கொணர நெடுந்தொலைவுக் கம்பிகள் தேவை.

மேலும், வரைபடத்தில் தரிசென்று தோன்றும் நிலம், ஆடு மேய்ப்போருக்கு மேய்ச்சல் நிலம், கானமயிலுக்கு உறைவிடம். ஆகவே, இடம் தேர்வோர் வானத்தை அளந்தால் மட்டும் போதாது. அம்மண்ணில் வாழ்வோரையும் கேட்டறிதல் வேண்டும்.