கல்லில் பெயர் வெட்டாத கை



"திமாசான்னா யாருங்க?" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். தம்பி, கடோற்கசனைத் தெரியுமா? இடும்பியின் மகன். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் திமாசா அரசர்கள். நமக்கு அவள் அரக்கி. அவர்களுக்கு அரசகுலப் பாட்டி! தட்டுங்கள், பாட்டிக்குத்தானே!

1536இல் அகோம் படை அவர்கள் தலைநகரான திமாபூரை அழித்தது. பிறகு அசாம் மலையில், மாகூர் ஆற்றங்கரையில், மைபாங் தலைநகரானது. அங்கே ஒரு கல் வீடு. அடுக்கிக் கட்டியதல்ல, ஒரே பாறையைச் செதுக்கி, வேய்ந்த குடிசை மாதிரியே கூரையைச் சரித்து இறக்கியிருக்கிறார்கள். 1761ஆம் ஆண்டு என்கிறது கல்வெட்டு. அரசன் அரிச்சந்திர நாராயணன் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர்? இல்லை! அவனை விடமாட்டேன், திரும்ப வருவேன்.

தாய்மார்கள் கேளுங்கள். திமாசாக்களுக்கு அப்பன் வழியில் நாற்பது குலம், அம்மா வழியில் நாற்பத்திரண்டு. இரண்டு கூடுதல், கவனித்தீர்களா? அம்மாவின் நகை, துணிமணி எல்லாம் மகளுக்கு. அண்ணன்காரன் கை வைக்க முடியாது! அதோ, மூன்றாவது வரிசை அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

அறுவடை முடிந்தால் புசு விழா. க்ராம் மத்தளம், முரி குழல், ஜூதிமா என்கிற அரிசிக் கள். சிரிக்காதீர்கள்! 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கள் அது.

சில அறிஞர்கள் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். விடுதலை வரலாறு எழுதச் சொன்னால் நாலு ஊரோடு பேனாவை மூடிவிடுவார்கள். 1882இல் வெள்ளைக்காரன் படையோடு மைபாங்குக்குப் போனான். அவனை எதிர்த்த திமாசா வீரர் சம்புதன் போங்லோ என்ன செய்தார்? வேறு வழியாக இறங்கி, காவல் இல்லாமல் கிடந்த வெள்ளைக்காரனின் குன்ஜோங் முகாமைக் கொளுத்திவிட்டு வந்தார்! அவரை வெறியன் என்று எழுதிவைத்தான் வெள்ளைக்காரன். நம் ஆட்கள் அதைக்கூட எழுதவில்லையே, ஐயா!

என்ன சொல்ல வந்தேன்? ஆமாம், அந்த உளிக்காரன். அரசன் பெயரை எழுத்து எழுத்தாக வெட்டியவனுக்குத் தன் பெயரை ஓர் ஓரத்தில் வெட்ட எவ்வளவு நேரமாகியிருக்கும்?

லும்டிங்கிலிருந்து பதர்பூர் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது மைபாங். போகிறவர்கள் இறங்குங்கள். கல்வெட்டைப் பிறகு படிக்கலாம்; முதலில் அந்தக் கூரையைத் தொட்டுப் பாருங்கள்.