அம்மாவுக்கு அடிச்ச ஒரு போன்

இன்னிக்கு ஃப்ளோரன்ஸ் ஆர்த்தோ பத்தி பேசலாம். பிரெஞ்சு பாய்மரப் படகு வீராங்கனை, 1957-ல் பிறந்தவங்க. அப்பா பதிப்பகம் நடத்தினவர். பெரிய கடலோடிகளோட புத்தகங்களைப் போட்டவர். இவங்களுக்கு 17 வயசுல கார் விபத்து, கோமா. உடம்பு தேறினதும் நேரா கடலுக்குப் போயிட்டாங்க.

ரூட் து ரும்னு ஒரு போட்டி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை, பிரான்சின் சென் மாலோவிலிருந்து கரீபியன்ல இருக்கிற குவாதலூப் வரைக்கும் அட்லாண்டிக்கைத் தனியாளா கடக்கணும். ஆண், பெண்ணுன்னு தனிப் பிரிவெல்லாம் கிடையாது. 1978-ல் முதல் போட்டியிலேயே கலந்துக்கிட்டாங்க, 11-வது இடம். 1986-ல் போட்டி நடுவுல, காணாமப்போன சக வீரர் லோயிக் கராதெக்கைத் தேடிப் போனாங்க. கவிழ்ந்து கிடந்த படகு கிடைச்சது. ஆள் கிடைக்கல.

அதுக்கப்புறமும் 1990-ல் அதே போட்டிக்கு வந்தாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். தங்க நிறத்துல மூணு உடல் கொண்ட படகு. கழுத்து வலிக்குப் பட்டை போட்டிருந்தாங்க. ரேடியோ வேற படுத்துடுச்சு. முன்னால யார், பின்னால யார்னு தெரியாம ஓட்டணும். 14 நாள், 10 மணி நேரத்துல கரை சேர்ந்தா, இவங்கதான் முதல்! அந்தப் போட்டியை ஜெயிச்ச முதல் பெண். ஒரு பிரெஞ்சு நாளிதழ், ‘நீ நிஜமான ஆம்பள’ங்கற அர்த்தத்துல தலைப்பு போட்டுச்சு. பாராட்டாத்தான் எழுதியிருப்பாங்க. நமக்கும் பழகின பாராட்டுதானே அது!

2011 அக்டோபர்ல, கோர்சிகா பக்கம், ராத்திரி நேரம். தனியா போய்க்கிட்டிருந்தவங்க தவறிக் கடல்ல விழுந்துட்டாங்க. லைஃப் ஜாக்கெட் இல்ல. படகு தன்பாட்டுக்குப் போயிடுச்சு. தலையில ஒரு லைட், கையில தண்ணி புகாத போன், அவ்வளவுதான். சிக்னல் கிடைச்சது. அம்மாவுக்கு அடிச்சாங்க. அம்மா அண்ணன்–தம்பி கிட்ட சொல்ல, அவர் மீட்புப் படையைக் கூப்பிட, சில மணி நேரத்துல ஹெலிகாப்டர் வந்து தூக்குச்சு. குளிர்ல உடம்பு விறைச்சிருந்தாங்க, ஆனா உயிர் இருந்தது.

2015 மார்ச் 9. அர்ஜென்டினாவுல ஒரு டிவி ஷோ ஷூட்டிங்ல ரெண்டு ஹெலிகாப்டர் மோதி 10 பேர் செத்துப்போனாங்க. அதுல இவங்களும் ஒருத்தர். வயசு 57. அந்த வருஷம் பெண்கள் மட்டும் கலந்துக்கற ஒரு மத்தியதரைக் கடல் போட்டிக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டிருந்தாங்க.