உளவியல் படித்தால் என்ன வேலை?

(கடுகண்ணாவையில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் நம்ம லயங்களிலே ஒரே கேள்விதான்: "கலைப்பிரிவு படிச்ச புள்ள இனி என்னா செய்யப் போகுது?" ஆசிரியர் வேலை, அது கிடைக்காவிட்டால் கார்மெண்ட், அதுவும் இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு கடை. இந்த மூன்றுக்கும் வெளியே உள்ள ஒரு பாடத்தைப் பற்றிப் பேசத்தான் உங்களை அழைத்தோம். அது உளவியல்.

சொன்னதும் சிலர் சிரிக்கிறீர்கள். "பைத்தியத்துக்குப் பாக்கிற படிப்பா?" என்று பின்னால் ஒருவர் கேட்பதும் காதில் விழுகிறது. மனநோய்க்கு மருந்து எழுதுகிறவர் டாக்டர். அது வேறு படிப்பு. மனிதன் எப்படி நினைக்கிறான், எப்படிக் கற்கிறான், ஏன் பயப்படுகிறான், ஏன் கோபப்படுகிறான் என்பதைச் சோதித்துப் பார்த்து அறிவதே உளவியல். 1879 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் என்பவர் இதற்கென்று ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். ரஷ்யாவின் பவ்லோவ், நாய்க்குச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்கச் செய்தார். பிறகு சத்தம் மட்டும் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது. இது நமக்குப் புதிதா? பிரட்டுக்குத் தப்படித்த காலத்தில், சத்தம் கேட்டதும் தூக்கத்திலேயே கால் தரையைத் தேடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே!

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எபிங்கவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885 இல் புத்தகமாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணித்தியாலங்களிலேயே மறந்துபோகிறது. பிறகு மறதி மெதுவாகிறது. ஒரே ராத்திரியில் முட்டி மோதுவதைவிட, நாள் விட்டு நாள் திரும்பப் படித்தால் நிற்கும்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக அதிகமான கணக்குகளில் அதுவும் ஒன்று. அதில் பெரும்பங்கு பூச்சிமருந்தும் களைநாசினியும். அந்த ஆண்டிலிருந்து கொடிய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பரகுவாட் பின்னால் நிறுத்தப்பட்டது. இருபது வருசத்துக்குள் சாவு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. கஷ்டம் தீர்ந்தா குறைந்தது? கடனும் குடியும் சண்டையும் அப்படியேதான் இருந்தன. பலருக்கு அந்த வேகம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது, அந்த நேரத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டாவிட்டால் உயிர் தப்புகிறது. மனதைப் பற்றிய இந்த அறிவு எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது, பாருங்கள். மருந்துப் போத்தலை வீட்டில் வைக்காதீர்கள். மனசு தாங்காதபோது 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம்.

ஆனால் பேசுவதற்குப் பாஷை வேண்டும். "நெஞ்சு படபடங்குது, ராத்திரி பூரா தூக்கமில்ல, யாரோ கழுத்த நெரிக்கிறாப்புல இருக்கு" என்று ஒரு அம்மா சொல்கிறாள். அதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகச் சொன்னால் பாதி வழியிலேயே கொட்டிப்போகிறது. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்புவது என்னவென்று தெரிந்தவர் கேட்டால், சொல்லாததும் விளங்கும். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போர் மக்கள் மனதில் உண்டாக்கிய காயத்தைப் பற்றித் தமிழிலேயே 'மனவடு' என்ற நூலை எழுதினார். அம்மா வெளிநாட்டுக்குப் போன வீட்டுப் பிள்ளையின் மனதை நம்ம பிள்ளைகள் எழுத வேண்டாமா?

எங்கே படிப்பது? பஸ் ஏறிப் பிலிமத்தலாவையைத் தாண்டினால் பேராதனை. அங்கே பல்கலைக்கழகம் 1952 இல் வந்தது. அதற்கு நான்கு வருசம் முன்னால்தான் நம்ம ஆட்களில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை பறிபோனது. பக்கத்தில் இருந்தும் வெகுகாலம் அது நமக்குத் தூரமாகவே கிடந்தது. அதன் கலைப்பீடத்தில் உளவியல் படிக்கலாம். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மஹாபொல உதவிப்பணமும் உண்டு.

சுலபம் என்று சொல்லமாட்டோம். முதல் வருசப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். புள்ளிவிபரவியல் கட்டாயம் வரும். கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு வந்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பட்டம் கிடைத்ததும் ஆஸ்பத்திரியில் உட்காரவும் முடியாது. நோயாளரைப் பார்க்கும் சிகிச்சை உளவியலாளர் ஆவதற்கு மேற்பட்டப் படிப்பும் பதிவும் வேண்டும். ஆனால் பாடசாலை வழிகாட்டல், பிரதேச செயலக உளவளத்துணை, சிறுவர் நலன் போன்ற வேலைகளுக்கு இந்தப் படிப்பு உதவும். ஆறு மாதத்தில் "உளவியலாளர்" ஆக்குகிறோம் என்று நகரத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். சான்றிதழ் எங்கே செல்லும் என்று முதலில் கேளுங்கள்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று இன்னும் சில அப்பாமார் நினைக்கிறார்கள். பக்கத்து லயத்து அக்கா தன் வீட்டுக் கதையை ஆம்பளை உத்தியோகத்தரிடமா சொல்வாள்? அதையும் யோசியுங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைக்காம்பராவுக்கு வாங்க. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அன்றைக்கே பார்த்துவிடுவோம்.