அந்த அரை மணி நேரமும் வேலைதான்!

(செஞ்சியை அடுத்த வல்லத்தில் லாரி ஓட்டுநர்களும், விவசாயத் தொழிலாளர்களும், ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

வயலிலிருந்து நேரே வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

நம் பக்கத்து இளைஞர்களில் பலர் லாரி ஓட்டிப் பிழைக்கிறார்கள். நெல் மூட்டை, மணிலா மூட்டை, உர மூட்டை என்று ஏற்றிப் போகிறார்கள். இவர்கள் இப்போது நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தோழரே, மூட்டை லாரியை விட்டுவிட்டு டிரெய்லருக்கு மாறலாமா?"

டிரெய்லர் என்று இவர்கள் சொல்வது, பக்கப்பலகையும் கூரையும் இல்லாத, நீண்ட திறந்த மேடை வண்டியை. இரும்புச் சுருள், கம்பிக் கட்டு, கருங்கல் பாளம், இயந்திரம், காற்றாலை இறக்கை ஆகியவை அதில்தான் போகின்றன. நாட்டில் வல்லம் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. தஞ்சைக்குப் பக்கத்தில் ஒன்று. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டை எழுந்திருக்கும் வல்லம் வடகால் இன்னொன்று. விவசாயம் கைகொடுக்காத நம் வல்லத்துப் பையன், தொழிற்சாலை எழும்பிய அந்த வல்லத்துக்கு இரும்பு ஏற்றிப் போகிறான். இதுதான் இன்றைய நிலைமை.

மாறுவதற்கு ஆசை ஏன் வருகிறது? மூட்டை லோடு பருவத்தை நம்பியது. அறுவடை முடிந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் பேட்டாவும் நிற்கும். இரும்புக்கும் கல்லுக்கும் அறுவடைக் காலம் கிடையாது. கிரேன் ஏற்றும், கிரேன் இறக்கும். ஒரு நடைக்குக் கிடைக்கும் பேட்டாவும் கூடுதல். வீட்டில் பிள்ளை படிக்கிறது, கடன் இருக்கிறது. கூடுதல் கூலி எங்கே என்று தொழிலாளி தேடுவதில் தவறு என்ன? எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கூடுதல் கூலி எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

மூட்டை லாரியில் சரக்கைப் பிடித்து நிறுத்துவது பக்கப்பலகை. டிரெய்லரில் அந்தப் பலகை இல்லை. அங்கே சரக்கைப் பிடித்து நிறுத்துவது சங்கிலியும், அடைக்கட்டையும், அவற்றைப் போட்ட மனிதனின் கையும்தான். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள பாளம் என்றால் 24 டன்னுக்கு மேல். பிரேக் அடித்தால் வண்டிதான் நிற்கிறது; கல் நிற்பதில்லை. முன்னால் போகவே அது பார்க்கும். முன்னால் இருப்பது ஓட்டுநரின் முதுகு.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவின் விதி இதைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? சரக்கின் எடையில் 10-க்கு 8 பங்கு விசை முன்னோக்கித் தள்ளினாலும் கட்டு தாங்க வேண்டும். பக்கவாட்டில் 10-க்கு 5 பங்கு தள்ளினாலும் தாங்க வேண்டும். கட்டுகளின் மொத்தத் தாங்கும் திறன் சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. 25 டன் சுருளுக்கு, 3 டன் தாங்கும் சங்கிலி நான்கு போட்டால் 12 டன்தான், போதாது. ஐந்தாவது சங்கிலி வேண்டும். அந்த ஐந்தாவது சங்கிலியை வாங்கிக் கொடுப்பது யார் என்பதில்தான் பிரச்னையே இருக்கிறது.

தோழர்களே! நம் பக்கத்து ஓட்டுநர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். ஒன்பது வருஷம் மூட்டை லாரி ஓட்டியவர். டிரெய்லருக்கு மாறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. விடியற்காலையில் கல் ஏற்றினார்கள். கிளீனர் கிடையாது. தானே சங்கிலி போட்டு இறுக்கிக்கொண்டு கிளம்பினார். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போனதும் மனம் கேட்கவில்லை. ஒரு டீக்கடை அருகே நிறுத்திச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்த சங்கிலிக்கு அடியில் இப்போது கை நுழைந்தது. என்ன காரணம்? வண்டி குலுங்கியதில் கல்லின் கனத்தால் அடைக்கட்டை நசுங்கி இறங்கிவிட்டது. கட்டை ஒரு விரல் இறங்கினால் சங்கிலி ஒரு விரல் தளரும். கட்டைகளைச் சரிசெய்து, எல்லாச் சங்கிலிகளையும் மறுபடி இறுக்கினார். அரை மணி நேரம் ஆயிற்று.

அதற்குள் போன் வந்துவிட்டது. வண்டி எங்கே நிற்கிறது என்பது இப்போது முதலாளியின் கைப்போனிலேயே தெரிகிறதல்லவா?

"யாரைக் கேட்டு வண்டியை நிறுத்தின?"

"சங்கிலி தளர்ந்து போச்சுங்க. இறுக்கிட்டுக் கிளம்பறேன்."

"அங்க கிரேன் காத்துக்கிட்டு நிக்குது. கிரேன் வாடகை யார் கொடுப்பா? தாமதத்துக்கு உன் பேட்டாவுலதான் பிடிப்பேன்."

சொன்னபடியே 300 ரூபாய் பிடித்தார்கள்.

அன்று மதியம் ஒரு கிராமத்தில், நின்ற பஸ்ஸுக்கு முன்புறமிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குறுக்கே ஓடியது. நம் ஓட்டுநர் முழு பலத்தோடு பிரேக் அடித்தார். வண்டி நின்றது. கல்லும் நின்றது. பிள்ளை பிழைத்தது, ஓட்டுநரும் பிழைத்தார். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் 300 ரூபாய் அபராதம்!

அமெரிக்க விதிப்படி, கிளம்பிய முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திக் கட்டுகளைச் சோதித்தாக வேண்டும். பிறகு மூன்று மணிக்கு ஒரு தடவை அல்லது 240 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி சோதிக்க வேண்டும். தார்ப்பாய் போர்த்துவதற்கு அங்கே பல கம்பெனிகள் தனிக் கூலி கொடுக்கின்றன. அங்கே சட்டம் கட்டளையிடுகிற ஒரு காரியத்துக்கு இங்கே தொழிலாளி தண்டனை பெறுகிறான்.

நம் நாட்டுச் சட்டம் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டதா? இல்லை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. அதைவிட முக்கியமானது, எது வேலை நேரம் என்பதற்கு அது கொடுத்த விளக்கம். வண்டி ஓடுகிற நேரம் மட்டும் வேலை நேரமல்ல. வண்டி ஓடாத நேரத்தில் வண்டிக்காகவும் அதன் சரக்குக்காகவும் செய்கிற வேலையும், ஏற்றுவதும் இறக்குவதும் உட்பட, வேலை நேரமே என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அந்தப் பழைய சட்டம் கரைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் 8 மணி என்ற அளவும் இந்த விளக்கமும் அதிலும் இருக்கின்றன.

அப்படியானால் குறை எங்கே? பழைய சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனத்தைத் தொடவில்லை. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்திவிட்டது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்கிற ஓட்டுநரின் கதி என்ன? சட்டப் புத்தகத்தில் 8 மணி இருக்கிறது; அவருக்கோ விடிந்தது முதல் மறுநாள் விடியும்வரை வேலை இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2018-இல் மத்திய சர்க்கார் அதை நீக்கிவிட்டது. அதே 2018-இல் லாரிகள் ஏற்றக்கூடிய எடையையும் உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. சுமை ஏறியது, ஆள் குறைந்தது.

அபராதமோ தொழிலாளியை மறக்கவில்லை. 2019 செப்டம்பர் 1 முதல், அளவுக்கு மீறி எடை ஏற்றினால் 20,000 ரூபாய். மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். சரக்கு பக்கத்திலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ வரம்பு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய். கம்பியை ஒரு மீட்டர் வரை வெளியே நீட்ட இடம் கொடுத்த பழைய விதியும் 2014-இல் எடுக்கப்பட்டுவிட்டது. நீட்டிய கம்பியில் மோதி எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஆகவே அது நல்ல காரியம்தான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். ஓட்டுகிறவன், ஓட்டச் செய்கிறவன், ஓட்ட அனுமதிக்கிறவன், இவர்களில் எவனும் பொறுப்பாளி. சாலையில் பிடிபடுவது யார்? ஓட்டுகிறவன். ஓட்டச் செய்தவன் ஆபீசில் இருக்கிறான்.

ஆகவே, "மாறலாமா?" என்று கேட்கிற தம்பிமார்களுக்கு நம் பதில் இது: மாறலாம். ஆனால் மேடையில் ஏறுவதற்கு முன் ஐந்து விஷயங்களை முடிவு செய்துகொண்டு ஏறுங்கள்.

ஒன்று: வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். கனரக லைசென்ஸ் இருப்பதால் மட்டும் டிரெய்லர் ஓட்ட வந்துவிடாது. பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஈரச் சாலையில் திடீர் பிரேக் அடித்தால் முன் வண்டியும் பின் வண்டியும் மடங்கிக்கொள்ளும். அனுபவமுள்ள ஓட்டுநரோடு சில மாதமாவது போய்வந்த பிறகே தனியாக எடுங்கள்.

இரண்டு: சங்கிலி, இறுக்கி, அடைக்கட்டை, தார்ப்பாய் எல்லாம் முதலாளியின் செலவு. தேய்ந்த சங்கிலியையும் வெடித்த கொக்கியையும் போட்டு வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

மூன்று: எடைமேடை ரசீது கையில் வராமல் கிளம்பாதீர்கள்.

நான்கு: கட்டுகிற நேரம், காத்திருக்கிற நேரம், வழியில் சோதிக்கிற நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். வேலையின்போது அடிபட்டால் நஷ்டஈடு பெறும் உரிமை 1923-ஆம் வருஷச் சட்டம் தொட்டு நமக்கு இருக்கிறது. லோடின் மேலிருந்து விழுந்தவனைப் பார்த்து, "அவன் அப்போது வண்டி ஓட்டவில்லையே" என்று வாதம் செய்ய வருவார்கள். அன்று அந்த நோட்டுப் பேசும். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நலவாரியத்திலும் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஐந்து: தனியாகக் கேட்காதீர்கள். ஒருவன் கேட்டால் வண்டிச் சாவி அடுத்தவன் கைக்குப் போகும். எல்லோரும் கேட்டால் சாவி யாரிடம் போகும்?

இது வெறும் பேச்சல்ல. விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போன ஓட்டுநருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தில் ஒரு ஷரத்து வைத்தார்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தில் வட மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தபோது, அந்த ஒரு ஷரத்து மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓடுகிற சக்கரத்துக்கு மட்டுமல்ல, நிற்கிற சக்கரத்துக்கும் பலம் உண்டு.

ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து தூரமில்லாத பாண்டிச்சேரியில் 1936 ஜூலை 30-இல் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக்கு இரையானார்கள். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சு ஆட்சி அங்கே 8 மணி வேலையைச் சட்டமாக்கியது. ஆலையில் சங்கு ஊதுகிறது. எட்டு மணி முடிந்தது என்று ஊருக்கே தெரிகிறது. சாலையில் ஓடுகிறவனுக்குச் சங்கு கிடையாது. அவனுக்காகச் சங்கு ஊத வேண்டியது நாமெல்லோரும்தான்.

"லாரிக்காரன் பிரச்னை நமக்கென்ன?" என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் நினைக்கலாகாது. தளர்ந்த சங்கிலியிலிருந்து கல் உருண்டால், அது சாலை ஓரத்தில் நாற்றுக்கட்டோடு நடந்து போகிற நம் அக்காவின் மேல்தான் உருளும். தூங்காத ஓட்டுநரின் வண்டி, கொடிகளை உதறிக் களத்தில் மணிலா காயவைத்துவிட்டுச் சைக்கிளில் திரும்புகிற நம் அண்ணனின் மேல்தான் ஏறும்.

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். 2025-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆண்ட ராஜாக்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ராஜகிரி மேல் அந்தக் கல்லை ஏற்றியவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எத்தனை பேர் கல்லுக்கடியில் போனார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. இன்று கல் ஏற்றுகிறவனுக்கும் அந்தக் கதி வேண்டாம். அவன் நேரத்தை எழுதி வைப்போம். சங்கிலி இறுக்கிய அந்த அரை மணியையும் சேர்த்து எழுதுவோம். எழுதிய மணிக்குக் கூலி கேட்போம்.

பேட்டாவில் பிடித்த அந்த 300 ரூபாயைத் திரும்பக் கேட்க, நாளை காலை அந்த ஓட்டுநரோடு நாமும் போகிறோம். நேரம் உள்ளவர்கள் வாருங்கள்.