விருந்தோம்புவோரின் ஓய்வு நாள்



பிரெஞ்சு மொழியில் 'ஓத்' என்றொரு சொல் உண்டு. வீட்டிற்கு வந்த விருந்தினரையும் அது குறிக்கும். அவரை வரவேற்று உபசரிப்பவரையும் அதுவே குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இத்தகைய சொற்கள் இடர் விளைப்பன. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். ஆயினும், இவ்விரு பொருளும் ஒருவரிடத்திலேயே பொருந்தி நிற்கும் நாள் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டுக் கிராமங்களில் விருந்தினர் இல்லம் நடத்துவோர் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் ஓய்வு நாளே அது.

இவ்வில்லங்களை 'ஷாம்பர் தோத்' என்பர். இவை ஓட்டல்கள் அல்ல. குடும்பம் வாழும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினர்க்கு அளிப்பது. 5 அறைகளுக்கு மேல் கூடாது. ஒரே வேளையில் 15 பேருக்கு மேல் தங்கலாகாது. காலை உணவும் வாடகையில் அடங்கும் என்பன சட்டத்தின் வரையறைகள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிற்றூர் மக்கள் நகரங்களை நாடிச் செல்ல, பழைய பண்ணை வீடுகள் பல வெறுமையாயின. அவ்வீடுகளைக் காக்கவும், உழவர்க்குத் துணை வருவாய் தேடவும், நகரத்தார்க்குச் சிக்கனமான விடுமுறை கிட்டவும் 1955-இல் 'ழீத் தெ பிரான்ஸ்' என்னும் கூட்டமைப்பு தோன்றியது. கிராமத்து வீடுகளில் தங்கும் வழக்கம் அதன்பின் நாடெங்கும் வேரூன்றிற்று.

இவ்வில்லத்தாரின் அன்றாடம் எத்தகையது? விருந்தினர் எழுமுன் ரொட்டி வாங்கி வர வேண்டும். காப்பி இறக்கி, பழப்பாகும் வெண்ணெயும் பரிமாற வேண்டும். பின்னர் அறைகளைத் துப்புரவு செய்தல், விரிப்புகளை வெளுத்து உலர்த்துதல், தோட்ட வேலை. மாலையில் புதியவர் வருவர். அவர்களுக்கு வழியும் ஊரும் சொல்ல வேண்டும். இரவு உணவும் அளிக்கும் இல்லமாயின், குடும்பத்தார் மேசையிலேயே ஒரே வகைச் சமையல். உண்டபின் உரையாடல் நள்ளிரவு வரை நீளினும் முகம் கோணலாகாது.

ஓய்வைச் சட்டமாக்கிய நாடுகளுள் பிரான்சும் ஒன்று. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தந்தது. 1936-இல் ஆண்டிற்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை கிடைத்தது; 1982-இல் அது ஐந்து வாரமாயிற்று. ஆனால் இவையாவும் சம்பளம் பெறுவோர்க்கே. விருந்தினர் இல்லத்தாரோ தமக்குத் தாமே முதலாளி. அவர்க்கு விடுமுறை வழங்குவார் எவருமிலர். மேலும், பிறர் விடுமுறையே அவர் அறுவடை. மே மாதத்தில் வியாழனன்று விடுமுறை வந்தால், மக்கள் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு நான்கு நாள் ஓய்வாக்குவர். இதற்குப் 'பாலம் கட்டுதல்' என்று பெயர். அந்தப் பாலத்தின் வழியே விருந்தினர் வருவர். இல்லத்தார்க்கு வேலை இரட்டிக்கும்.

ஆகவே அவர்கள் தம் ஓய்வைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியவர்கள். நாட்குறிப்பில் ஒரு நாளைக் கோடிட்டு அடைத்துவிட வேண்டும். அறை கேட்டு வருவோர்க்கு இடமில்லை என்று சொல்ல வேண்டும். அன்றைய வருவாய் போய்விடும். ஆனால் அதனை இழக்கத் துணியாதார் நாளடைவில் களைத்துப்போவர். களைத்தவரின் புன்னகை விருந்தினர்க்கு விளங்காமற் போகாது. நல்வரவையே நம்பி நடக்கும் தொழிலுக்கு அதனினும் பெரிய நட்டம் வேறென்ன?

தென்மேற்கிலுள்ள தோர்தோஞ் பகுதியை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள சார்லா நகரில் புதனும் சனியும் சந்தை கூடும். சனிக்கிழமை விருந்தினர் மாறும் நாளாதலால், ஓய்வுக்கு ஏற்றது புதன். இல்லத்தாரும் துணைவியாரும் அன்று நேரங்கழித்து எழுவர். சந்தைக்கு நிதானமாகச் செல்வர். ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டி, அக்ரூட் எண்ணெய், பருவமாயின் ஸ்ட்ராபெரிப் பழம். நாள்தோறும் பட்டியலிட்டு விரைந்து வாங்குபவர்கள், அன்று விலை கேட்டு, சுவைத்து, கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசி வாங்குவர். பகலுணவு தோட்டத்து மர நிழலில். விருந்தினர்க்கென்று போட்ட நாற்காலியில் அன்றுதான் அமர்வர். பின்னர்ச் சிறு துயில், ஆற்றங்கரை வரை நடை, இரவில் ஒரு சூப்பும் முட்டைப் பொரியலும். இடையே தொலைபேசி ஒலிக்கும். எடுத்தால் ஓய்வு போயிற்று. எடுக்காவிடில் ஓர் அறை வாடகை போயிற்று. அந்நாளின் உண்மையான சோதனை அதுதான்.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள் என்பதை அறிவீர்கள். அந்த ஒரு நாளில் தம் வீடே அவர்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறது. பறவைகளின் ஒலி கேட்கிறது. சன்னலில் வெயில் விழும் இடம் தெரிகிறது. விருந்தினர் எதைத் தேடித் தம் இல்லத்திற்கு வருகின்றனர் என்பதை அன்று உணர்கின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களும் ஒருவகையில் விருந்தினர் இல்லங்களே. தேர்வுக்கு வரும் மருமகன், மருத்துவத்திற்கு வரும் மாமா, யாத்திரை செல்லும் ஊரார் எனப் பலரும் நம்மிடம் தங்குவர். அது நம் பேறு. ஆயினும் அந்த வரவேற்பின் பாரம் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே, இல்லத்தரசியின் தோளிலேயே இறங்குகிறது. அவருக்கு விடுமுறை வழங்க முதலாளி எவருமிலர். வீட்டிலுள்ள மற்றவரே அந்நாளைக் குறித்துத் தர வேண்டும். அன்று காலைக் காப்பியை வேறொருவர் கலந்து அவர் கையில் கொடுக்கட்டும்.