கதவு குறுகலாக இருந்தால் கல்வி உயர்ந்ததா?



தேர்வு முடிவுகள் வெளிவந்த சில மாதங்களில் நம் இந்தியர் வீடுகள் பலவற்றில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். அதற்கு நடுவர் கிடையாது, நேர வரம்பும் கிடையாது. இரவுச் சாப்பாட்டில் தொடங்கி மறுநாள் காலைப் பசியாறும் வரை நீளும். பிள்ளையை அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா, தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா என்பதே அதன் தலைப்பு.

கிள்ளானில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தாய் பாலர் பள்ளி ஆசிரியை. மூத்த மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்றிருக்கிறாள். யு.பி.யு. வழி விண்ணப்பித்துக் கணக்கியல் துறையை முதல் தெரிவாகக் கேட்டாள். வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் கிடைத்த துறை அவள் பட்டியலின் கடைசியில், இடம் நிரப்புவதற்காகப் போட்டது. இதற்கிடையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. கணக்கியல் இடம் தயார். முன்பணம் கட்ட இரண்டு வாரம் அவகாசம். மூன்றாண்டுக்கு எழுபதாயிரம் வெள்ளி.

"கவர்மெண்ட் யுனிவர்சிட்டின்னா ஒரு மதிப்பு இருக்கு. எத்தன பேரு மனு போட்டு எத்தன பேருக்குக் கெடைக்குது? பிரைவேட்டுக்குக் காசு கட்டுனா யாரும் போலாம்," என்கிறார் அப்பா.

"மதிப்பு இருக்கட்டுங்க. புடிக்காத பாடத்த நாலு வருஷம் எப்படிங்க படிப்பா? ஊரு மெச்சுறதுக்காகவா படிக்க வைக்கிறோம்?" என்கிறார் அம்மா.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவரிடமும் ஒரு தவறும் இருக்கிறது. அதைத்தான் இன்று ஆராய வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? மலாயா பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றி, 1962இல் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. 1969இல் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகமும் 1970இல் தேசியப் பல்கலைக்கழகமும் வந்தன. பல்லாண்டுகள் இந்நாட்டில் பட்டம் பெற வேண்டுமானால் இவை போன்ற சில வாசல்கள்தாம். கிடைக்காதவர்களில் வசதியுள்ளவர்கள் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பினார்கள். வீட்டை அடகு வைத்தும் நகையை விற்றும் அனுப்பியவர்கள் நம்மில் உண்டு.

1996இல் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம் வந்த பிறகுதான் தனியார் பல்கலைக்கழகங்கள் இங்கேயே பட்டம் வழங்க வழி பிறந்தது. மல்டிமீடியா பல்கலைக்கழகம், மொனாஷ், நோட்டிங்ஹாம் கிளைகள், கெடா செமிலிங்கில் எய்ம்ஸ்ட், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் என வரிசையாக வந்தன. 1997இல் பி.டி.பி.டி.என். கடனுதவியும் தொடங்கியது. ஆக, தனியார் பல்கலைக்கழகங்களின் வயது ஏறக்குறைய முப்பதுதான். பாட்டன் காலத்துப் பெயரை நேற்று வந்தவரிடம் எதிர்பார்க்கும்போது வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா?

அப்பாவின் வாதத்துக்கு வருவோம். "நுழைவது கடினம், ஆகவே தரம் அதிகம்" என்கிறார். நுழைவதை எது கடினமாக்குகிறது என்று பார்த்தால் விஷயம் சற்று மாறும்.

2002 முதல் அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை தகுதிப் புள்ளி முறையில் நடக்கிறது. அதில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. ஆனால் ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதியவரும், ஓராண்டு மெட்ரிகுலேஷன் முடித்தவரும் ஒரே இடத்துக்கு மோதுகிறார்கள். பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு, புள்ளி மட்டும் ஒரே தராசில். இந்தத் தராசைப் பற்றிய குறை நம் சமூகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ' அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்ததும் அந்தக் குரலின் தொடர்ச்சிதான்.

ஆகவே பிள்ளைக்குக் கேட்ட துறை கிடைக்கவில்லை என்றால், அது அவளுடைய தகுதிக் குறைவுக்குச் சான்றிதழ் ஆகாது. இடம் குறைவு, போட்டி அதிகம், தராசிலும் குறை. அவ்வளவுதான். இதைப் பெற்றோர் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளாகவே வேறு பொருள் கொண்டுவிடுவாள்.

தனியார் பக்கமும் சல்லடை உண்டு. கிள்ளானில் இருக்கும் அம்மா அதை மறந்துவிடுகிறார். அங்கே குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், மீதியைப் பணம் சலிக்கிறது. அரசாங்கத்தில் மானியத்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளியில் முடிவது, தனியாரில் பல மடங்காகிறது. மருத்துவம் என்றால் பல இடங்களில் மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். ஒரு கதவு புள்ளியால் குறுகுகிறது, மற்றொரு கதவு பணத்தால் குறுகுகிறது. உள்ளே எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை இரண்டு கதவுகளும் சொல்வதில்லை.

சரி, தரவரிசைப் பட்டியல் சொல்லுமே என்பார்கள். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2004இல் டைம்ஸ் உயர்கல்வி இதழின் உலகப் பட்டியலில் மலாயா பல்கலைக்கழகம் 89ஆம் இடத்தில் நின்றது. நாடே மகிழ்ந்தது. மறு ஆண்டு அது 169ஆம் இடத்துக்கு இறங்கியது. நாடே பதறியது. ஓராண்டில் ஒரு பல்கலைக்கழகம் இடிந்து விழுமா? விசாரித்தபோது தெரிந்தது: முதல் ஆண்டில் நம் நாட்டுச் சீன, இந்திய மாணவர்களை வெளிநாட்டு மாணவர்கள் என்று தவறாகக் கணக்கிட்டிருந்தார்கள். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளைக் காகிதத்தில் அயலார் ஆக்கியதால் வந்த புகழ் அது. திருத்தியதும் இறங்கியது.

இன்று நிலைமை வேறு. கியூ.எஸ். நிறுவனத்தின் 2026 பட்டியலில் மலாயா பல்கலைக்கழகம் 58ஆம் இடத்தில் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய இடம்தான். அதே பட்டியலில் டெய்லர்ஸ், யு.சி.எஸ்.ஐ. ஆகிய தனியார் பல்கலைக்கழகங்கள் முதல் 300க்குள் இருக்க, பல அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் அவற்றுக்குப் பின்னால் நிற்கின்றன. "அரசாங்கம் என்றாலே உயர்வு" என்பதும் "தனியார் என்றாலே மட்டம்" என்பதும் இங்கேயே அடிபட்டுப் போகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மாணவர் சேர்க்கை எவ்வளவு கடினம் என்பது ஓர் அளவுகோலே அல்ல.

அப்படியானால் பெற்றோர் எதைப் பார்த்து முடிவு செய்வது? நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு, படிப்பின் அங்கீகாரம் வேறு. எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முழு அங்கீகாரமா, தற்காலிக ஒப்புதல் மட்டுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, அந்தத் தொழிலுக்குரிய அமைப்பு இப்பட்டத்தை ஏற்கிறதா? மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பொறியியலுக்குப் பொறியியலாளர் வாரியம், கணக்கியலுக்கு மலேசியக் கணக்காளர் கழகம். சட்டத்தில் வேறுபாடு இன்னும் தெளிவு. மலாயா பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிக்கு சி.எல்.பி. தேர்வு தேவையில்லை. இங்கிலாந்துச் சட்டப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அதில் தேறியாக வேண்டும். சேரும் நாளில் இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, கடன் யார் தலையில்? பி.டி.பி.டி.என். கடன் பெரும்பாலும் தனியார் கட்டணம் முழுவதையும் தாங்காது. மீதிக்கு அப்பா ஊழியர் சேமநிதியில் கை வைப்பார். அது அவர் முதுமைக்கு வைத்த சோறு. மூத்தவளுக்கு எடுத்தால் இளையவனுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் இன்றே கணக்குப் போட வேண்டும். கட்டணத்தோடு தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

நான்காவது, பிள்ளைக்கு இதில் விருப்பம் உண்டா? விருப்பமில்லாத துறையில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் கிடைத்தும் பாதியில் திரும்பினால் பெயர் எங்கே, பணம் எங்கே?

அவசரப்படவும் வேண்டாம். யு.பி.யு. முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் மாணவர்களைச் சேர்க்கின்றன. "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்ற பேச்சுக்குப் பயந்து முன்பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டினால் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மருத்துவத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டதாரியும் தனியார் பல்கலைக்கழகப் பட்டதாரியும் ஒரே அரசாங்க மருத்துவமனையில்தான் பயிற்சி மருத்துவராக நிற்கிறார்கள். 2016 இறுதியில் வந்த ஒப்பந்த நியமனமும் இரு தரப்புக்கும் பொதுவானதே. நள்ளிரவில் கட்டிலில் கிடக்கும் நோயாளி, "நீங்கள் எந்தக் கதவு வழியாக வந்தீர்கள்?" என்று கேட்பதில்லை. வலி தீருமா என்றுதான் கேட்கிறார்.

மீண்டும் கிள்ளான் வீட்டுக்குப் போவோம். அப்பா பேசினார், அம்மா பேசினார், தொலைபேசியில் மாமாவும் பேசினார். மூன்று இரவு விவாதத்தில் மகள் மட்டும் வாய் திறக்கவில்லை. நான்காம் இரவு அப்பா கேட்டார்: "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்கு அக்கவுண்டிங்தான்ப்பா வேணும். அப்பீல் பண்ணிப் பாக்குறேன். கெடைக்கலன்னா, ஃபீஸ் கம்மியா, அங்கீகாரம் இருக்குற எடமா நானே தேடித் தரேன். ஆனா உங்க சேமநிதியத் தொடாதீங்க."

இத்தனை ஆண்டு வளர்த்த பிள்ளைக்கு இவ்வளவு தெளிவு இருப்பது அப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் இரவே கேட்டிருந்தால் மூன்று இரவு மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பட்டிமன்றத்திலும் முதல் பேச்சாளர் உங்கள் பிள்ளையாக இருக்கட்டும்.